உன் பட்டையைக் கழற்றிவிட்டேன்

என் அன்பு அண்ணா,

மற்றவர் சொல்லி நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் இறங்கும்போது நீ மாட்டிய மெத்தென்ற பட்டையைக் கழற்றிவிட்டேன். சிலிண்டரைத் தாங்கும் முதுகுத் தகடு உன்னுடையதுதான். தோளையும் இடுப்பையும் சுற்றிவரும் நாடா மட்டும் இனி என்னுடையது. மடக்கினால் முறைத்துக்கொண்டு நிற்கிற விறைப்பான நாடா. கோபமா?

நீ போனபின் சித்தப்பா அதை உன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிப் பூவும் வைத்தார். அணையில் நீ பார்த்த வேலைக்கு நான் போகிறேன் என்றதும் குதித்தார். "பொட்டப்புள்ள தண்ணிப் பக்கமே போகக் கூடாது!" உன்னைக் கொண்டுபோனது தண்ணீரா? எஸ்டேட் ரோட்டில் உருண்ட ஜீப். அவர் இன்றும் ஜீப்பில்தான் மூணாறுக்குப் போகிறார்.

வேலை கிடைத்தது. ஆனால் அண்ணன் போட்டதையே தங்கையும் போட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. உன் மேலாள் குரியன் சேட்டனும், "பெண்ணுக்குத் தோள் மெலிசு. மெத்துன்னு இருக்கறதே மதி, அது போதும்" என்றார். போட்டேன். இதமாகத்தான் இருந்தது.

ஷட்டர் கம்பிகளில் சிக்கிய கிளைகளை எடுக்க இறங்கினேன். ஒரே கலங்கல், கையால் தடவித்தான் எதையும் பார்க்க வேண்டும். பழைய மீன்வலை ஒன்று காலைச் சுற்றிக்கொண்டது. தோள் வளையத்தில் மாட்டிய கத்தியைத் தேடினால், நாடா தொய்ந்து வளையம் அக்குளுக்குக் கீழே நழுவியிருந்தது. குளிரில் மரத்த விரல்களால் துழாவிக் கண்டுபிடிப்பதற்குள் செத்தேன் என்றே நினைத்தேன். உன் அகன்ற தோளில் அது இறுக்கமாக நின்றிருக்கும். இல்லை, உனக்கும் இப்படி ஆகி, எங்களிடம் சொல்லவில்லையா?

மறுநாளே விறைப்பான நாடாவை வாங்கிக் கோத்தேன். வளையம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கையை வைக்கலாம். கழுத்தில் அது உரசிச் சிவந்ததைப் பார்த்த அம்மா என்ன செய்தாள் தெரியுமா? தான் தேயிலை பறிக்கிற கொழுந்துப் பையின் புதுப் பட்டையைப் பழக்குவதுபோல நாடாவை வெந்நீரில் ஊறவைத்துத் துவைகல்லில் அடி அடியென்று அடித்தாள். நாடா அசையவில்லை, அம்மாவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"உன்னய மாதிரியேதான் இருக்குடி. வளையவே மாட்டேங்குது" என்றாள். பிறகு மெதுவாக, "அவன் பட்டைய எங்கடி வச்சிருக்க?" என்று கேட்டாள்.

எடுத்துக் கொடுத்தேன். இப்போது அவள் கொழுந்துப் பை அதில்தான் தொங்குகிறது. "தோளுக்கு இதமா இருக்குடி" என்கிறாள். சித்தப்பா இரண்டு நாளாக எங்களோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும்.

நாளை மறுபடி இறங்குகிறேன், அண்ணா. உன் படத்துக்குப் பக்கத்து ஆணி காலியாகத்தான் இருக்கிறது. அதில் என் படம் ஏறாது. ஒவ்வொரு முறையும் உன் தகட்டோடு மேலே வருவேன், இது சத்தியம்.

உன்னைவிட விறைப்பான,
உன் தங்கச்சி செல்வி