போலீஸ் ஆக்கப்பட்ட அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணே,

விக்கிரமசிங்கபுரம் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: நீ உடுப்போடு எடுத்து அனுப்பிய போட்டோவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முன்னறையில் மாட்டியாயிற்று. ஆணியடித்த மாவீரன், இன்னும் வீக்கம் வடியாத விரலோடு இதை எழுதுகிறேன்.

சென்னையில் அடுக்குமாடிக்கு அடுக்குமாடி செக்யூரிட்டி நிறுத்துகிறார்களாமே, இங்கே அந்த உடுப்பை யார் கண்டது? தொப்பியையும் தோள்பட்டையையும் பார்த்தவர்கள், "ஏலே, உங்கண்ணன் போலீஸா?" என்றார்கள். நான் மறுக்கவில்லை. எஸ்.ஐ. என்று பதவி உயர்வும் கொடுத்தேன். அன்றிலிருந்து கணக்கு வாத்தியார் என்மேல் பிரம்பை ஓங்குவதே இல்லை.

செய்தி ஆழ்வார்குறிச்சிக்கும் போய்விட்டது. நீ ஆசைப்பட்டாயே என்று அம்மா பெண் கேட்டுவிட்டு வந்தாளே, அந்தத் தேன்மொழி மதினியின் அப்பா, "போலீஸ்காரனுக்குப் பொண்ணு கிடையாது. வீட்டுக்குள்ளயும் லத்திய வீசுவான்" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? சைக்கிளை மிதித்துப் போனேன். உண்மை தெரிந்ததும் அவர், "கேட்டைத் தொறந்து மூடுத வேலைதானா? முதல்லயே சொல்லுததுக்கு என்னலே?" என்று சிரித்தார். மாசியில் நிச்சயதார்த்தம். உன் கல்யாணத்தைக் காப்பாற்றியவன் உன் தம்பி!

சரி, சொல்லிவிடுகிறேன். சைக்கிளை மிதித்ததுதான் நான். பின்னால் அம்மா என் காதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அங்கே உண்மையைச் சொன்னதும் அவள்தான். நான் அவர்கள் வீட்டு மாட்டுக்குப் பின்னால் நின்றேன்.

'வாட்ச்மேன் தம்பி' என்று பயல்கள் கூப்பிடுவார்களே என்று எனக்குத்தான் அண்ணே கூச்சம். மதினியோ, அம்மா சாட்சிக்குக் கொண்டுபோன அந்த உடுப்புப் போட்டோவையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்படிக்கு,
காது சிவந்த தம்பி