கிளிகள் இருந்த வாசல்

அம்மணி,

மேசைமேல் ஒரு பட அட்டை சாய்ந்து நிற்கிறது. பிரான்சில் என் மகள் இருக்கும் பழைய ஊரில், ஐந்நூறு வருடத்துக் கல்வீடு. மூலையில் சுழல்படி ஏறும் கோபுரம், சன்னல்களுக்கு மேலே கல்லில் செதுக்கிய முகங்கள். பின்புறம் மகள் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டி நானே படித்தேன்: "இங்கே ஓர் ஆணி அடிக்கவும் அரசாங்கத்தைக் கேட்க வேண்டும்." ஆமாம், நானேதான்! எழுபது தாண்டி முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தேன். இப்போது பொள்ளாச்சி பஸ்ஸின் பலகையைக்கூடப் படிக்காமல் விடுவதில்லை. அந்தச் சந்தோஷத்தில் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். வெட்கம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

போன கோடையில் மகள் அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கொத்தனார் கை சும்மா இருக்குமா? விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தேன். காவல் இருந்த அம்மா பதறி ஓடி வந்தார்.

"தொடக்கூடாதாம்ப்பா. ஒடைஞ்ச மூக்கைக்கூட இஷ்டத்துக்கு ஒட்ட முடியாதாம். இங்கயும் வேலைய ஆரம்பிச்சுப்போடாதீங்க!" என்று மகள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோயம்புத்தூரில் உங்கள் வீட்டு வாசல் கண்முன் வந்துவிட்டது. வாசலுக்கு மேலே இரண்டு சுதைக் கிளிகள். பல வருடங்களுக்கு முன் அந்த வீட்டை இடித்துப் புதுப்பிக்க நான் வந்திருந்தபோது நீங்கள் சொன்னீர்கள்:

"ஏனுங்க கொத்தனாரே, அப்பாவுக்குத் திதி குடுக்கக் கொடுமுடி போறனுங்க. எதை இடிக்கக்கூடாதுன்னு சுவத்துல எழுதியிருக்கேன். படிப்பீங்கல்ல?"

சித்தாள்கள் பக்கத்தில் நின்றார்கள். "அதெல்லாம் படிப்பனுங்க" என்றேன். நீங்கள் சொன்னதைக்கூட நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. எங்கள் வேலையில் சுவரில் குறி இருந்தால் அது உடைக்கிற இடம். கிளிகளுக்குக் கீழே சாக்பீஸ் எழுத்து இருந்தது. படிப்பவனைப்போல வெகுநேரம் பார்த்துவிட்டுச் சுத்தியலை ஓங்கினேன். கிளிகளோடு அந்த எழுத்தும் உதிர்ந்தது.

மறுநாள் பையை இறக்கி வைக்காமலே வாசலில் நின்றீர்கள்.

"எழுதியிருந்தனுங்களே?"

"சாரல்ல அழிஞ்சுபோச்சுங்க அம்மணி."

வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள்: "அப்ப என்ற தப்புதானுங்க. கரியில எழுதியிருக்கோணும். அந்தக் கிளியக் காட்டித்தான் அப்பா எனக்குச் சோறு ஊட்டுவாரு."

பிறகு உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவந்தீர்கள். நான் குடித்தேன். அதற்குப்பின் யார் கேட்டாலும், "நான்தான் சரியா எழுதாம போயிட்டேன்" என்றே சொல்லி வந்தீர்கள். வேலை முடிந்த கடைசி நாள்வரை. பக்கத்தில் நின்று கேட்டும் நான் வாய் திறக்கவில்லை.

அந்த எழுத்துகளின் உருவம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. போன மாதம் வகுப்பில் கண்ணை மூடி, ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். வந்துவிட்டது: 'கிளியைத் தொடாதீங்க.' அதையே என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தினமும் ஒருமுறை படிக்கிறேன்.

உங்கள் கையெழுத்து தெளிவாகத்தான் இருந்தது, அம்மணி. அன்று மழை பெய்யவில்லை.