கார் ஷெட்டுக்கு வயரிங்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றிக் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருந்தால் அதுவே போதும்.

அப்பா வயரிங் செய்வதை உன் அண்ணன் பிடித்து அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, அப்பா வேலைன்னா வேலைதான் என்று நீ எழுதியிருந்ததை அப்பா வீட்டுக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். அது எந்த இடம் என்று தெரிந்துதான் எழுதினாயா? கார் ஷெட் அது. அடுத்த மாதத்திலிருந்து நானும் அப்பாவும் அங்கேதான் படுக்கை. எங்கள் அறை உன் அண்ணிக்கு வேண்டுமாம், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலையாம், நாங்கள் இருமினால்கூட அந்தப் பக்கம் கேட்கிறதாம். அப்பாவுக்கு மாடிப்படி ஏற மூட்டு வலிக்குதே, கீழே இருந்தா உங்களுக்குத்தான் சௌகரியம் என்று உன் அண்ணன் தேனொழுகப் பேசினான். நீயும் சரி என்றாயாமே. சொன்னாயா இல்லையா என்று நான் குடைய மாட்டேன், உன் மனசுக்குத் தெரியும்.

ஷெட்டில் இருந்தது ஒரே ஒரு பல்பு. ஆளைக் கூப்பிடு என்றால், காலமெல்லாம் மில்லில் வயர் இழுத்தவன் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று உன் அப்பாவே கிளம்பிவிட்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு களை, பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. நம்மைத் தூக்கி வெளியே வைக்கிறார்கள், இந்த மனுஷன் அதற்கு லைட் போடுகிறார். நூலில் சாக்பொடி தடவிச் சுவரில் கோடு அடித்து, அந்தக் கோட்டை விட்டு மயிரிழை விலகாமல் வயர் போகிற வெள்ளை பைப்பை ஓட்டியிருக்கிறார். ஷட்டருக்கு அடியில் மழைத்தண்ணீர் வரும் என்று ப்ளக் பாயிண்டெல்லாம் இடுப்பு உயரத்தில், ஒவ்வொன்றுக்கும் எர்த் வயர், ஷாக் அடித்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்ச் தனியாக. பழைய பல்புக்கு உன் அண்ணன் வயரை முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்ததைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புது வயர் இழுத்தார். அதற்குமுன் வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், யாராவது தெரியாமல் போட்டுவிட்டால் ஆள் காலி என்று. கம்ப்யூட்டர் நின்றுபோச்சு என்று உன் அண்ணி மாடியிலிருந்து கத்தினாள், வேலை முடியாமல் தர மாட்டேன் என்றுவிட்டார். பொய் சொல்வானேன், அந்தக் கொஞ்ச நேரம் நான் இந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தேன்.

மற்ற அறையிலெல்லாம் வயர் சுவருக்குள்ளே இருக்கிறது, இங்கே மட்டும் ஏன் வெளியே தெரிய ஓட்டச் சொன்னாய் என்று உன் அண்ணனைக் கேட்டேன். எதுக்கும்மா சுவத்தை உடைக்கணும், பின்னாடி கழட்டறது சுலபம், திரும்ப காரை விட்டுக்கலாம்ல என்றான். பின்னாடின்னா எப்போடா என்றேன். சொன்னது அப்போதுதான் அவனுக்கே உறைத்தது போல, போனை நோண்டிக்கொண்டே நகர்ந்துவிட்டான். பெற்ற வயிறு, கண்ணு, எப்படி இருக்கும் சொல்.

அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று அவர் ஸ்டூல் மேல் நின்று கடைசி கிளாம்பை முடுக்கிக்கொண்டிருந்தார், எப்படி இருக்குன்னு பாரு, எப்படி இருக்குன்னு பாரு என்று என்னைப் பிடுங்கினார், ஆற்றாமையில் உன் அண்ணன் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாதா, அதனாலதான் எல்லாத்தையும் ஸ்க்ரூவுல நிறுத்தியிருக்கேன், பசை எங்கேயும் தடவல, கழட்டும்போது பெயிண்ட் உரியாது, பய கஷ்டப்படக் கூடாதுல்ல என்றார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன் வீட்டில் இடம் இருக்கிறதா என்று நான் கேட்க மாட்டேன். கேட்டு, நீயும் இல்லை என்றுவிட்டால், அப்புறம் எனக்கு நினைத்துக்கொள்ள ஒருத்தரும் மிச்சமில்லை. நீ நீடூழி இருக்க வேண்டும், உன் பிள்ளை உன்னைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும், வேறென்ன சொல்லி வாழ்த்துவேன். குழந்தைக்குச் சளி என்றாயே, தலையைத் துவட்டிவிட்டு வெளியே அனுப்பு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்