ஏடுதேடு பொறியின் நான்காம் பாடம் குறித்து, பெருங்கல்லூரித் தலைவருக்கு

நன்மை பெருகுக. ஏழு ஏரிகள் சூழ்ந்த புன்னைமூதூரில், வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடைக்கீழ் வீற்றிருக்கும் மும்முரசுக் கோமான் பேரருவியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் ஆதன் விண்ணன் எழுதியது. பெருங்கல்லூரித் தலைவர் மருதன் காடனார் கண்டு தெளிக. உம் மாணவர் மூவாயிரவரும் வாழ்க. உம் பணியாளர் நூற்றெழுபதின்மரும் வாழ்க. உம் கிளிகள் பன்னிரண்டும் வாயடங்கி வாழ்க.

மூன்றாண்டுகளுக்கு முன் உம் சுவடி மாளிகையில் ஏடுதேடு பொறி நிறுவப்பட்டது. வேண்டிய பொருளுக்குரிய கயிற்றை இழுத்தால் உருளைகள் உருண்டு, மேல் மாடத்து ஏடு கூடையில் இறங்கி வரும் என்றனர் தச்சர். பணியாளர் அனைவரும் அதைப் பன்னிரண்டு பாடங்களாகக் கற்க வேண்டும், அவரவர்க்கு இசைந்த வேகத்தில் கற்கலாம், கற்பவரை எவரும் அவசரப்படுத்தலாகாது, பாடம் முடிக்காத பணியாளர் எந்த ஓலையைத் தொட்டாலும் அன்றே பணி இழப்பர் என நீரே விதி வகுத்தீர். பாடத்துக்கு ஒன்றாகக் கிளிகளையும் அமர்த்தினீர். விடை தவறினால் கிளி "மறுபடியும் முயல்க" என்னும். கற்பவர் அப்பாடத்தை முதலிலிருந்து படிப்பார்.

சுவடி காப்பாளர் சாத்தன் கொற்றி அம்மாளிகையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணி செய்தவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் நாற்பதினாயிரம் ஏடுகளில் கேட்டதை எடுத்துத் தருவார். அவர் மூன்றாண்டுகளாக நான்காம் பாடத்திலேயே இருந்தார். சிவப்புக் கயிற்றை எப்போது இழுக்கலாகாது என்பது அங்கே கிளி கேட்கும் கேள்வி. பொறியைச் செப்பனிட்ட தச்சர் சிவப்புக் கயிற்றை முதல் மாதத்திலேயே கழற்றி எடுத்துப் போய்விட்டனர். கிளிக்கு அதை யாரும் சொல்லவில்லை. கொற்றியார் நாள்தோறும் அதன் முன் அமர்ந்து, சிவப்புக் கயிறே இல்லை என்று உள்ளதைச் சொல்வார். மறுபடியும் முயல்க என்னும் கிளி. எஞ்சிய பொழுதில், ஏட்டில் விரல் படாமல் மயிற்பீலியால் தூசி தட்டுவார்.

அங்கு பேசப்பட்டவற்றைப் பேசியவாறே எழுதுக என்பது வேந்தர் ஆணை. நடை தாழ்வதைப் பொறுத்தருள்க. எழுத்தர் கீரன் பொன்னன் பன்னிரண்டு பாடங்களையும் ஒரே நண்பகலில் முடித்துச் சான்றோலை பெற்றவர். அவர் கொற்றியாரைக் கடக்கும்போதெல்லாம், "என்னக்கா, இன்னும் நாலாம் பாடந்தானா? கோவைப்பழம் குடுத்துப் பாருங்க. கிளியே கேட்டு, கிளியே பதிலும் சொல்லிடும்" என்பாராம். "இல்லாத கயித்த இருக்குன்னு சொல்லணும்னா நான் கிளியாவே பொறந்திருப்பேன், போடா" என்பாராம் கொற்றியார்.

சென்ற ஐப்பசியில் ஒன்பது நாள் மழை விடவில்லை. பெரிய ஏரியின் ஐந்து மதகுகளை எந்த வரிசையில் திறப்பது என்பது ஒரே ஓர் ஏட்டில்தான் இருக்கிறது. வரிசை பிசகினால் கரை உடைந்து கீழூரை வாரிக்கொண்டு போகும். ஏரிக்காவலர் தலைவர் நெடுவேள் நனைந்தபடி மாளிகைக்கு ஓடிவந்தார். சான்றோலை பெற்ற பொன்னன் கயிற்றை இழுத்தார். மாவடு ஊறுகாய் போடும் முறை கூடையில் இறங்கியது. மீண்டும் இழுத்தார், யானையின் பல்வலிக்கு மருந்து வந்தது. மூன்றாம் முறை, ஊறுகாயின் இரண்டாம் பகுதி.

எல்லோரும் கொற்றியாரைப் பார்த்தனர். ஏடு மூன்றாம் மாடத்தில், இடப்பக்கம், ஏழாம் சுவடிக்கட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். பெயர் எழுதாத அக்கட்டில் அது எது என்பது அவர் விரல்களுக்கு மட்டுமே தெரியும், பிறருக்குச் சொல்லி எடுக்கச் செய்ய முடியாது. பாடம் முடிக்காமல் தொட்டால் பணி போகும். அவர் சோற்றை நம்பி இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். அவரை அவசரப்படுத்தவோ விதி இடம் தரவில்லை. நெடுவேள் கைகட்டி நின்று, "அம்மா, அவசரமே இல்ல. நிதானமாப் படிங்க. தண்ணி கரை விளிம்பத் தொட்டிருச்சு, அவ்வளவுதான்" என்றார்.

கொற்றியார் கிளியின் முன் அமர்ந்தார். ஒரு பொய் சொன்னால் ஐந்தாம் பாடம் திறக்கும். அதன்பின் இன்னும் எட்டுக் கிளிகள். தம் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சிவப்புக் கயிறு இல்லை என்று அன்றும் சொன்னார். கிளி வாய் திறப்பதற்குள் எழுந்து, ஏணியில் ஏறி, ஏட்டை எடுத்து நெடுவேள் கையில் வைத்துவிட்டார்.

மதகுகள் வரிசையாகத் திறந்தன, கீழூர் பிழைத்தது. மறுநாள் காலை நீர் கொற்றியாருக்குப் பணிநீக்க ஓலையும், பொன்னனுக்குச் சிறந்த கற்றலுக்கான பட்டாடையும் அனுப்பினீர்.

வேந்தர் கொற்றியாரை அவைக்கு அழைத்து வினவினார். "தப்புதாங்க, விதிய மீறிட்டேன். ஏரிக்கு நம்ம பாடம் முடியற வரைக்கும் காத்திருக்கத் தெரியலைங்க" என்றார் அவர். அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை. வேந்தர் மட்டும் சிரித்தார்.

கல்லூரி விதியில் அரசர் கைவைக்கலாகாது என்பது வேந்தரின் பாட்டனார் தந்த பட்டயம். ஆகவே வேந்தர் விதியை மாற்றவில்லை, அதற்கு அடங்கினார். கல்லூரியின் முதற் பணியாளர் அரசரே, இரண்டாம் பணியாளர் தலைவரே என்றும் அப்பட்டயம் சொல்வதால், இன்று காலை முதற் பாடத்தின் முதல் வரியைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார். தமக்கு இசைந்த வேகம் வாரத்துக்கு ஒரு வரி என்று அறிவித்திருக்கிறார். அவரை அவசரப்படுத்தலாகாது என்பதை நீர் அறிவீர்.

தெருவிலாயினும் பந்தியிலாயினும் அரசருக்கு முன்னே எவரும் செல்வதில்லை என்பது நம் நாட்டு மரபு. எனவே இக்கணம் முதல் கல்லூரியில் எவரும் முதல் வரியைத் தாண்டியவர் அல்லர். பாடம் முடித்தவர் ஒருவரும் இல்லை. பாடம் முடிக்காத பணியாளர் ஓலையைத் தொட்டால் அன்றே பணி இழப்பர். காடனாரே, நீர் இப்போது கையில் ஓர் ஓலையை ஏந்தியிருக்கிறீர்.

கொற்றியாரோடு நீரும் வாயிலைக் கடந்து போகலாம். அல்லது அவ்விதியை அடித்துவிட்டு, அவரைச் சுவடி மாளிகையில் மீண்டும் அமர்த்தலாம். எது என்பதைப் பொழுது சாய்வதற்குள் தெரிவிக்க. மறுமொழியை ஓலையில் எழுத வேண்டா, தொட நேரும். இதைக் கொணர்ந்த காவலரிடம் வாயாற் சொல்லி அனுப்புக. இதைக் கீழே வைத்துவிட்டதால் மட்டும் குற்றம் தீர்ந்துவிடாது.

நீர் நிறைக, நெல் விளைக. ஆட்சியாண்டு பதினேழு, கார்த்திகை மூன்றாம் நாள், வேந்தர் முன்னிலையில் அரக்கிட்டு மும்முரசு முத்திரை பொறிக்கப்பட்டது. ஆணை.