கோட்டுக் காலருக்குள் லினன்

நெதன்யா குடியேறிகள் முகாம்,
ஜனவரி 1951

அன்பு மகன் ரஹமீமுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆண்டவன் கருணையால் நடமாட்டமாக இருக்கிறோம், இத்தாலியில், லிவோர்னோவில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். உன் போட்டோ வந்தது. அந்த மீசை உனக்கு எடுபடவில்லை, எடுத்துவிடு. நல்லாத்தானே இருக்கு என்கிறார் அப்பா, அவர் கண்ணாடி உடைந்து மூன்று மாதமாகிறது. இங்கே மழை விட்டபாடில்லை. கூடாரத்துக்குள் ஓடுகிற தண்ணீரில் செருப்பெல்லாம் மிதந்து போகிறது, பக்கத்துக் கூடாரத்துத் தியமந்தீனா, உங்க செருப்பு எங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கு அக்கா என்று கொண்டுவந்து தருகிறாள். ரேஷனில் கொடுத்த ஐஸ் மீனில் ஹரைமிக் குழம்பு செய்தேன், எத்தனை மிளகாய் போட்டும் வாயில் வைக்க விளங்கவில்லை.

அப்பாவின் இருமல்தான் என் கவலை. போன மாதம் முகாம் ஆபீசில் பழைய துணி கொடுத்தார்கள், போரில் மிஞ்சிய இத்தாலியச் சிப்பாய்களின் உடுப்பு. தியமந்தீனாவின் வீட்டுக்காரருக்குக் கிடைத்த கால்சட்டையில் அவரைப் போல இன்னொருவரும் நுழையலாம். நம் பங்குக்கு வந்தது சாம்பல் பச்சையில் ஒரு மேல்கோட்டு, கணுக்கால்வரை தொங்கும் நல்ல கம்பளி. அப்பா அதைத் தொடவே இல்லை. உள்ள லினன் இருக்கும், கம்பளியோட லினன் சேர்ந்தது நம்ம வேதப்படி ஆகாது, பார்த்துட்டுச் சொல்லு என்றார். அந்த விதி எனக்குத் தெரியாதா, ஆனால் நடுங்கி இருமுகிற மனிதருக்கு இப்போது இந்த ஆராய்ச்சியா என்று எரிச்சலாக இருந்தது. போரின்போது யூதர் என்று நம்மை அடைத்து வைத்த மலை முகாமில் காவல் காத்த இத்தாலியர்கள் போட்டிருந்த உடுப்பல்லவா, அந்தக் கசப்பைச் சொல்ல வாய் வராமல் விதியைச் சாக்கு வைக்கிறார் என்றுதான் நினைத்தேன். சாக்கை ஒழித்துவிடலாம் என்று, துணி பார்க்கத் தெரிந்த தையற்காரர் யோனாவிடம் கொண்டுபோனேன். அவர் காலரைப் பிரித்து விரலை விட்டுப் பார்த்து, இந்தா இருக்கு லினன், விறைப்பா நிக்கறதுக்கு வெச்சிருக்கான், எடுத்துட்டாத் தாராளமாப் போடலாம் என்றார். ஒரு பகல் முழுக்க நானே உட்கார்ந்து தையல் தையலாகப் பிரித்து எடுத்தேன்.

எடுத்தாச்சுங்க, இனிமே சாக்கு இல்ல, போடுங்க என்று அந்த லினன் துண்டை அவர் மடியில் போட்டேன். ரஹமீம், அதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்ப இருந்துச்சா, அப்ப அதுலயும் இருந்திருக்குமே என்று சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எதுல என்று கேட்டேன், அப்போதுதான் சொன்னார். உன் தங்கை கமீஸா அந்த முகாமில் இறந்தபோது உன்னை ரோடு போடக் கொண்டுபோயிருந்தார்கள், நானும் அதே காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தேன். சுற்றிப் புதைக்க ஒரு முழம் வெள்ளைத்துணி கிடைக்கவில்லையாம். காவலுக்கு நின்ற சிப்பாய்ப் பையன் ஒருவன், பெயர்கூடத் தெரியாது, தன் மேல்கோட்டைக் கழற்றி அப்பா கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டானாம். அதில் சுற்றித்தான் பிள்ளையைப் புதைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்தக் காலருக்குள் என்ன இருந்ததோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. ஆகாததை என் கையாலயே போர்த்தி அனுப்பிட்டேனே, அங்க போய் அவ என்ன பதில் சொல்லுவா என்று எட்டு வருஷம் ஒருவரிடமும் சொல்லாமல் தனியாக வைத்திருந்திருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

கையைப் பிடித்து மழையிலேயே ரப்பியிடம் இழுத்துக்கொண்டு போனேன், கோட்டையும் நனையாமல் என் சால்வைக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டேன். ரப்பி முழுவதையும் கேட்டுவிட்டு அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஹுவாத்தோ, இந்தத் தடையெல்லாம் உயிரோட இருக்கறவங்களுக்குத்தான், இறந்தவங்களுக்குக் கலந்த துணி போர்த்தலாம்னு பெரியவங்க என்னைக்கோ சொல்லி வெச்சிருக்காங்க, இதை முதல் வாரமே யார்கிட்டயாவது கேட்டிருக்கக் கூடாதா என்றார். கேட்டு, ஆகாதுன்னு சொல்லிட்டா நான் எங்க போறது என்றார் அப்பா. ரப்பிக்கே கண் கலங்கிவிட்டது. திரும்பும் வழியில் அப்பா தானாகக் கையை நீட்டிக் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். இப்போது இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது, சாப்பாடும் இறங்குகிறது.

தெருவில் உன் வயது இத்தாலியரைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது என்று எழுதியிருந்தாய். கொதிக்கட்டும், நான் தடுக்கவில்லை, அந்த முகாமை நடத்தியவர்களை நானும் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் அவர்களில் ஒருவன் அந்தக் குளிர்காலத்தைக் கோட்டில்லாமல் கழித்தான், அதையும் தெரிந்துகொள். வேளைக்குச் சாப்பிடு, வேலை இடத்தில் வாயைக் கொடுக்காதே. எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் கடவுள் உன்னை ஆக்கட்டும், நூற்றிருபது வயது இரு.

இந்த மாதம் கமீஸாவின் நினைவுநாள், விளக்கேற்ற மறந்துவிடாதே. மழை பெய்யும்போதெல்லாம் பிள்ளை ஒன்றுமில்லாமல் ஈர மண்ணில் குளிர்ந்து கிடக்கிறாளே என்று எட்டு வருஷம் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். அவள் மேல் நல்ல கம்பளிக் கோட்டு இருக்கிறதாம் ரஹமீம், கணுக்கால்வரை.

உன் அம்மா,
மெஸௌதா