பதினோரு மணி ஜப்பான் படம்

ஜூன் 9, செவ்வாய்
வெயில் மண்டையைப் பிளக்கிறது. திருச்சி ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நாள் குறித்துவிட்டார்கள். வரும் திங்கள். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுத்துவிடுவார்களாம். டாக்டர் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வாங்க: துண்டு 2, பிளாஸ்க், கஞ்சிக்கு நொய்.

அவர் குரலை இனி எங்கே கேட்பேன்? போனில் பதியலாம் என்றால் இப்போது மிச்சம் இருப்பது கரகரப்புதான்.

ஜூன் 10, புதன்
தூக்கமில்லை. அரியலூரில் நாங்கள் லோக்கல் கேபிள் சேனல் நடத்திய காலம் ஞாபகம். தினம் இரவு பதினோரு மணிக்கு ஜப்பான் பொம்மைப் படம். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பும் கேசட். பேச்சு ஜப்பான், கீழே இங்கிலீஷ் எழுத்து. அதைப் படித்து, வாள்வீரன், கிழவி, பேய், அத்தனை பேருக்கும் அவரே மைக்கில் தமிழ் பேசுவார். "இருடா, வூட்டுக்குப் போயிட்டு வந்து வெட்டுறேன்" என்பான் வாள்வீரன். மூன்று வருடம் ஓடியது. வீட்டுக்கு வீடு டிஷ் வந்தது, போச்சு.

மறுநாள் மத்தியானம் திரும்பப் போட, அவர் குரலோடு பதிந்துவைப்போம். ஒன்றுகூட இப்போது இல்லை. அதே கேசட்டுகளில் ஊரார் கல்யாணத்தைப் பதிந்து கொடுத்தவள் நான். புதுக் கேசட் வாங்கக் கஞ்சத்தனம். என்னை எதால் அடிப்பது!

ஜூன் 11, வியாழன்
கல்யாணம் முடிந்த பிறகு டேப்பின் வாலில் படம் கொஞ்சம் மிஞ்சியிருக்குமே? செந்துறை பஸ் பிடித்தேன். நாங்கள் வீடியோ எடுத்த கல்யாணப் பெண் மல்லிகா. அவளுக்கே இப்போது மருமகன் வந்தாச்சு.

"கடைசில பொம்மப்படம் ஓடுமே, அந்த கேசட்டாக்கா? எம்புள்ளைங்க எங்க கல்யாணத்த ஒருநாளும் பாத்ததில்ல. ஓட்டி ஓட்டி அதத்தான் பாக்கும்."

விஷயத்தைச் சொன்னேன். பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து எடுத்து வந்து கையில் வைத்தாள்.

"திருப்பித் தரவேணாம்க்கா. அண்ணன் நல்லாயிருக்கட்டும்."

பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.

ஜூன் 12, வெள்ளி
பெரம்பலூர் ஸ்டுடியோவில் பென்டிரைவில் ஏற்றி வாங்கினேன். சாயங்காலம் டிவியில் போட்டோம். தாலி, பந்தி, மொய். சட்டென்று வாள்வீரன்.

"டேய் நில்லுடா!"

என் குரல்.

அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல், நான் பேசினேன். மறந்தே போயிருந்தது. வாள்வீரனுக்கும் பேய்க்கும் ஒரே கீச்சுக்குரல். டிவியை உடைக்கலாம் போல ஆத்திரம். அவர் பக்கம் திரும்பினால், சத்தமில்லாமல் குலுங்கிச் சிரிக்கிறார்.

"பேயி... உன்ன மாரியே திட்டுது," என்றார், மூச்சு வாங்கி வாங்கி. அப்புறம், "நல்லாத்தான்டி பேசியிருக்க."

அடுப்படிக்குள் போய் அழுதேன்.

ஜூன் 18, வியாழன்
திங்களன்று ஆபரேஷன் ஆனது. இன்றுதான் வார்டுக்கு மாற்றினார்கள். கழுத்தில் குழாய், இரண்டு கையிலும் ஊசி.

மருந்தோடு நர்ஸ் வந்தாள், சின்னப் பெண். "ஐயா பேரு?"

வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. என்னைப் பார்த்தார்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். எங்கள் பக்கம் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை, ரேஷன் கடையிலும் கார்டைத்தான் நீட்டுவேன். இப்போதும் மேஜை மேலிருந்த சீட்டைக் காட்டினேன்.

"அது இருக்கட்டும்மா, வாயால சொல்லணும். அப்பதான் மருந்து தருவோம்."

அவர் கண்ணை எடுக்கவில்லை.

"செல்வராசு," என்றேன்.

"கேக்கலம்மா."

"செல்வராசு."