ரைமோவின் நெஞ்சு உயரம்

ஜனவரி 9, வியாழன். பனி 31 செ.மீ.

ஆறாவது தடவை. லெந்துவா ஏரியின் உறைபனியைத் தாண்டி அந்தக் குட்டித் தீவுக்குப் போய், வெறுங்கையோடு திரும்பினேன். செயற்கைக்கோள் கருவி பட்டுப்போன பைன் மரத்தடியில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. பெட்டி ஒளித்துத் தேடும் எங்கள் விளையாட்டின் இணையப் பக்கத்தில் ரைமோ கொடுத்திருக்கும் துப்பும் சுலபம்: "நெஞ்சு உயரம். மரம் ஏற வேண்டாம்." நெஞ்சு உயரத்தில் மரப்பட்டையைத் தவிர ஒரு மண்ணும் இல்லை. பனியைத் தோண்டினேன், வேர்களுக்கிடையே கையை விட்டேன். விரல் மரத்ததுதான் மிச்சம்.

அவன் ஒளித்து நாலு வருஷமாகிறது. கோடையில் படகில் போனவர்களும் சரி, குளிர்காலத்தில் நடந்து போனவர்களும் சரி, ஒருவரும் அந்தப் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் ஏட்டில் கையெழுத்துப் போட்டதில்லை. முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டும். இரண்டாயிரம் பெட்டி கண்டுபிடித்தவள் நான். எனக்கே தண்ணி காட்டுகிறதா?

ஆத்திரத்தில் இணையப் பக்கத்தில் எழுதிப் போட்டேன்: "இங்கே பெட்டியே இல்லை. வைத்தவருக்கு மறதி." எழுதியதும் மனசு ஆறிற்று.

ஜனவரி 10. பனி 31.

ரைமோ கூப்பிட்டான். எங்களுக்கு விவாகரத்தாகி பதினோரு வருஷம். திட்டுவதற்கு மட்டும் என் எண்ணை மறக்கவில்லை.

"யாருக்கு மறதி? ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு எழுது!"

"அப்ப நீயே போய் எடுத்துக் காட்டேன்."

அவனுக்கு இடுப்பெலும்பு மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. தெரிந்தேதான் சொன்னேன். என் வாய் இருக்கிறதே!

ஜனவரி 19. பனி 35.

நான் எழுதியதை வைத்து, இணையத்தில் பெட்டிப் பட்டியலைப் பார்த்துக்கொள்பவர் அறிவிப்புப் போட்டுவிட்டார். பிப்ரவரி கடைசிக்குள் யாராவது கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

சரிதானே? இல்லாத பெட்டி எதற்கு?

பிப்ரவரி 2, ஞாயிறு. பனி 36.

பெட்டி தேடுவோர் சங்கத்தில் காபி. ரைமோ ஊன்றுகோலோடு வந்து மூலையில் உட்கார்ந்திருந்தான். சங்கத்துத் தோழி பிர்க்கோ காபி ஊற்றிக்கொண்டே, அவன் காதில் விழும்படியே சொன்னாள்: "பாவம், வயசாயிட்டுது. போன வாரம் கார் சாவிய கையில வச்சிக்கிட்டே தேடுறாரு. எந்த மரத்துல வச்சாரோ என்னவோ!"

எல்லோரும் தலையாட்டினார்கள். முந்நூறு பெட்டி ஒளித்தவன், முந்நூறு மரத்தையும் ஒப்பிப்பான். இன்று ஏலக்காய் ரொட்டியைத் தொடாமலே எழுந்து போய்விட்டான்.

மறதி என்ற பேச்சை ஆரம்பித்தவள் நான். எனக்கும் ரொட்டி இறங்கவில்லை. அவனோடு சண்டை போடலாம், நான் போடலாம். இவர்கள் யார் பரிதாபப்பட?

பிப்ரவரி 8, சனி. பனி 38.

ரை தானிய மாவில் செய்த பணியாரம் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை.

"இன்னும் பனி அளந்து டைரியில எழுதுறியா? விவாகரத்துக் கையெழுத்துப் போட்ட அன்னிக்கும் அளந்தவதானே நீ."

"அன்னிக்கு அம்பத்திரண்டு."

"பாத்தியா! பைத்தியம்."

சிரித்தான். இந்த மாதத்தில் அவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். பெட்டி ஒளித்த அன்று தீவுக்கு எப்படிப் போனாய் என்று கேட்டேன்.

"நடந்துதான். மார்ச் மாசம்ல? மேல்பனி கல்லு மாதிரி இறுகிக் கெடந்துச்சு. பூட்ஸ் ஒரு விரக்கடை பதியல. நேரா போனேன், நின்னேன், வச்சேன், வந்தேன்."

திரும்பும்போது பாதி வழியில் நின்றுவிட்டேன். நின்றானாம். எதன் மேல் நின்றான்?

வீட்டுக்கு ஓடினேன் — இந்த முட்டியோடு! நாலு வருஷத்துக்கு முந்தைய டைரி, மார்ச் 24: "பனி 94. மேல்பனி ஆளைத் தாங்குகிறது. ரைமோ ஏதோ ஒளித்துவிட்டு வருகிறான் போலும், மூஞ்சியில் அவ்வளவு பெருமை."

தொண்ணூற்று நாலு! அதற்கு மேல் அந்த நெட்டை ஒட்டகத்தின் நெஞ்சு. தரையிலிருந்து இரண்டு மீட்டர் முப்பது. நாங்கள் எல்லோரும் தரையில் நின்று எங்கள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வைத்தவனுக்கும் அது தோன்றவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு. பனி 38.

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்துவிட்டேன்!

விடிந்ததும் சமையலறை முக்காலியைப் பனிச்சறுக்குத் தட்டில் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏரியின் உறைபனியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "என்ன இர்மெலி, வீடு மாத்துறியா?"

"ஆமா, மரத்து மேல குடி போறேன்."

மரத்தடிப் பனியை மிதித்து இறுக்கி முக்காலியை நட்டேன். ஏறினேன். முட்டி முனகிற்று, முனகட்டும். மரங்கொத்திப் பொந்து ஒன்று, பட்டைத் துண்டால் மூடி மேலே பாசி வைத்து அடைத்திருந்தது. கீழிருந்து பார்த்தால் வெறும் மரம்தான். பட்டையைத் தள்ளினேன். பச்சைப் பெட்டி.

கத்தினேன். தீவில் யாரும் இல்லை, அதனால் இன்னொரு தடவையும் கத்தினேன்.

பேனாவை எடுத்தால் மை உறைந்து கிடக்கிறது. அக்குளில் வைத்தேன், வாயில் வைத்து ஊதினேன் — ம்ஹூம். கையெழுத்தில்லாமல் கண்டுபிடித்தது கணக்கில் சேராது. அழுகையே வந்துவிட்டது. ஏட்டையாவது பார்ப்போம் என்று பிரித்தேன். நூலில் கட்டிய பென்சில் ஒன்று, இருபக்கமும் சீவியது, வெளியே விழுந்தது. முதல் பக்கத்தில் அவன் கையெழுத்து, நாலு வருஷத்துக்கு முன் எழுதியது:

"முதல் வரி இர்மெலிக்கு. இந்தக் குளிரிலும் பேனாதான் கொண்டுவந்திருப்பாள்."

முக்காலி மேல் நின்றபடியே அழுதேன். பிறகு பெரிதாக, இரண்டு வரியை அடைத்து, என் பெயரை எழுதினேன்.

பிப்ரவரி 10. பனி 38.

இணையப் பக்கத்தில் எழுதினேன்: "பெட்டி இருக்கிறது. வைத்தவருக்கு மறதி இல்லை. அப்படி எழுதியது என் தப்பு." பிர்க்கோ பாராட்டக் கூப்பிட்டாள். "எனக்கு எதுக்கு? ரைமோகிட்ட சொல்லு, எல்லாரும் இருக்கும்போது சொல்லு" என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு. பனி 41.

சொன்னாள். ரைமோ ரொட்டி மூன்று தின்றான்.

மார்ச் 2, ஞாயிறு. பனி 44.

துப்பை மாற்றிவிட்டான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்: "நெஞ்சு உயரம். அன்றைய பனி அளவுக்கு இர்மெலியின் டைரியைக் கேட்கவும்." காலையிலிருந்து மூன்று பேர் கூப்பிட்டுவிட்டார்கள்.

மத்தியானம் அவனே வந்தான். கொல்லையில் அளவுகோல் பக்கத்தில் ஊன்றுகோலை ஊன்றிக் குனிந்து பார்த்து, "நாப்பத்திநாலு. எழுதிக்க" என்றான்.

எழுதிக்கொண்டேன். அந்த மூன்று பேருக்கும் தொண்ணூற்று நாலைச் சொல்லவில்லை.